ஸஃபரும் ஸஃபாரியும்

சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், தண்டலத்திலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் புறப்பட்டோம். தண்டலத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னதாக அமைந்துள்ள ஊர் அது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த அந்த வட்டாரம், இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்த பிறகு, இரவென்றும் பகலென்றும் இல்லாத வட்டாரமாகிவிட்டது. புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளும், ஷிப்டு முடிந்தவர்களை இறக்கிவிடும் பேருந்துகளும் அங்கே ஓய்வதில்லை. அந்த நெரிசலைக் கடந்து, ஒரகடம், படப்பை வழியாக வண்டலூர் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி.

சிங்கங்கள் உலவும் வேலியிட்ட காட்டுக்குள், கம்பி வலையிட்ட வண்டியில் நம்மை அழைத்துச் சென்றார்கள். ஒரு மரநிழலில் சிங்கம் ஒன்று கால்களைப் பரப்பிக்கொண்டு உறங்கியது. சிங்கம் ஒரு நாளில் ஏறக்குறைய இருபது மணி நேரம் படுத்தே கிடக்கும் பிராணி. அது தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கோ பெருத்த ஏமாற்றம். “நன்னா, சிங்கம் தூங்குது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் பேரன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பேத்தியோ, “ஸஃபாரின்னா என்ன நன்னா?” என்று கேட்டாள். அன்று அவளுக்கு அரைகுறையாக ஒரு விடை சொன்னோம். அதை நிறைவாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

அதற்கு முன், அந்தப் பூங்காவைப் பற்றியே நம்மவர் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. வண்டலூர்ப் பூங்கா 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும் அதன் வேர், சென்னை அருங்காட்சியகத்தில் 1855-ஆம் ஆண்டில் தொடங்கிய விலங்குக் காட்சியில் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், பாரசீகம் நன்கு கற்றவர். சென்னையில் முஸ்லிம்களுக்கான முஹம்மதியப் பொது நூலகம் 1850-இல் தோன்றக் காரணமாயிருந்தவர். செத்த விலங்குகளின் தோலையும் எலும்பையும் காட்டிலும் உயிருள்ள விலங்கைக் காணவே மக்கள் திரளுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் சென்று, அரண்மனையில் வளர்ந்த விலங்குகளை அருங்காட்சியகத்துக்குத் தரும்படி வேண்டினார். நவாப் குலாம் கவுஸ் கான் இசைந்தார். அவரும் பாரசீகத்தில் கவிதை இயற்றியவர். கவிஞர்களைக் கூட்டி வைத்துக் கவியரங்கம் நடத்தியவர். அதே 1855-இல் அவர் மறைந்தார். வாரிசு இல்லை என்று கூறிக் கம்பெனியார் நவாப் பதவியையே ஒழித்துவிட்டனர். பதவி போயிற்று, அவர் கொடுத்த விலங்குகளை முதலாகக் கொண்டு எழுந்த விலங்குக் காட்சிசாலை நின்றது. எழும்பூரிலிருந்து பீப்பிள்ஸ் பார்க்குக்கும், அங்கிருந்து வண்டலூருக்கும் அது இடம் மாறி வந்தது. நம் பேரப்பிள்ளைகள் அலுத்துக்கொண்ட அந்தக் காட்டுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஒரு முஸ்லிம் கவிஞர் என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டோம்.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருவோம். ‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல் நம் வீடுகளில் புழங்குவது. பயணம் என்பது அதன் பொருள். (பிறை கண்டு எண்ணும் ஸஃபர் மாதம் வேறு, அது ‘ஸாத்’ எழுத்தில் தொடங்கும், இது ‘ஸீன்’ எழுத்தில் தொடங்கும்.) பயணி ‘முஸாஃபிர்’. பர்மாவுக்கும் மலேயாவுக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் பொருள் தேடிப் போனவர்களை நம் கடற்கரை ஊர்களில் ‘சபராளி’ என்றே அழைத்தார்கள். வீட்டில் ஒரு சபராளி இருக்கிறார் என்றால், திண்ணையில் ஒரு வெற்றிடமும் பெட்டியில் ஒரு கட்டுக் கடிதமும் இருக்கின்றன என்று பொருள். இதே சொல்தான் அரபு வணிகர்களோடு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சென்று, அங்கே சுவாஹிலி மொழியில் ‘ஸஃபாரி’ ஆயிற்று. சுவாஹிலி என்ற பெயரும் அரபு வழியே வந்ததுதான். ‘ஸாஹில்’ என்றால் கரை, அதன் பன்மை ‘ஸவாஹில்’. கரைகளின் மொழி அது. அம்மொழியில் ஸஃபாரி என்பது எந்தப் பயணத்தையும் குறிக்கும். மகள் வீட்டுக்குப் போவதும் ஸஃபாரிதான், சந்தைக்குப் போவதும் ஸஃபாரிதான். விலங்கு பார்க்கும் உல்லாச உலா என்ற பொருள், அச்சொல் ஐரோப்பியர் கைக்குப் போன பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கரையைத் தம் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் நமக்கு நெருக்கமானவர் இப்னு பதூதா. கி.பி. 1331-ஐ ஒட்டி அவர் மொகதிஷு, மொம்பாஸா, கில்வா ஆகிய துறைமுகங்களைக் கண்டார். மொம்பாஸாவில் மரத்தால் நேர்த்தியாகக் கட்டப்பட்ட பள்ளிவாசல்களைக் குறித்து எழுதினார். பல ஆண்டுகள் கழித்து நம் சோழமண்டலக் கரையிலும் இறங்கி, மதுரை சுல்தானின் அவையில் தங்கிச் சென்றவரும் அவரே. ஆனால் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்நாட்டில் கடலெனக் கிடந்த புல்வெளிகளை அவர் பார்க்கவில்லை. அங்கே போகிறவர்கள் அறிஞர்களோ காஜிகளோ அல்லர். யானைத் தந்தத்தைத் தேடிப் போகும் வணிகர்களும், அவர்களுடைய சுமையைத் தலையில் தாங்கிய மக்களுமே.

அந்த வணிகக் கூட்டத்தின் நடைதான் ஆதி ஸஃபாரி. ஜான்ஸிபார் தீவுக்கு எதிரே உள்ள பாகமோயோவிலிருந்து புறப்பட்டுத் தபோரா வழியாகத் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜி வரை அவர்கள் நடந்தார்கள். துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி ஆகியன உள்ளே சென்றன. தந்தம் வெளியே வந்தது. வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ட்ஸெட்ஸி என்னும் ஈ கடித்தால் மாடும் குதிரையும் நோயுற்று மடியும். ஆகையால் எல்லாச் சுமையும் மனிதன் தலையிலும் தோளிலும் ஏறியது. ஒருவருக்கு ஏறக்குறைய முப்பது கிலோ. முன்னே கொடி பிடித்து வழிகாட்டிச் செல்பவனுக்குக் கிரங்கோஸி என்று பெயர். விடியுமுன் எழுந்து, வெயில் ஏறியதும் தங்கி, நீர் உள்ள இடத்தில் இரவைக் கழிப்பார்கள். ‘போலே போலே’ என்பது சுவாஹிலியில் இன்றும் வழங்கும் சொல். மெல்ல மெல்ல என்று பொருள். சுமை தூக்குகிறவனுக்கு அது அறிவுரை அன்று, உயிர் காக்கும் கணக்கு. விரைந்து நடந்தவன் மூன்றாம் நாள் விழுவான்.

இந்த நடையை அழகாக மட்டும் வருணித்துவிட்டு நகர்வது முறையாகாது. அதே பாதைகளில் அடிமைகளும் நடத்திக்கொண்டு வரப்பட்டனர். வாணிகம் செய்தவர்களுள் அரபிகளும் சுவாஹிலி முஸ்லிம்களும் இருந்தனர். திப்பு திப் என்னும் பெயர்பெற்ற வணிகர் அவர்களில் ஒருவர். அவருக்கு முதல் கொடுத்து உதவியவர் தாரியா தோப்பன் என்ற இந்திய வணிகர். வந்த தந்தத்தில் பெரும்பகுதி பம்பாய்க்குக் கப்பலேறியது. அதில் ஒரு பங்கு நம் நாட்டுப் பெண்களின் கைகளில் வளையலாயிற்று. ஜான்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. நம்மவர் செய்தது என்பதற்காக வரலாறு தன் ஏட்டைக் கிழித்துக்கொள்ளாது.

அந்த அடிமை வாணிகமே ஒரு வியப்பான மனிதரையும் ஈன்றது. யாவோ குலத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டு, துணிக்கு விற்கப்பட்டு, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தான். பல ஆண்டுகள் இங்கே அடிமையாக இருந்து, உடையவர் இறந்தபின் விடுதலை பெற்றுத் தாய்நாடு திரும்பினான். ஸீதி முபாரக் பம்பாய் என்பது அவன் பெற்ற பெயர்; ஸீதி என்பது இந்தியாவில் ஆப்பிரிக்கருக்கு வழங்கிய அடைமொழி, பம்பாய் என்பது அவன் வாழ்ந்த நாட்டின் நினைவு. நைல் நதியின் பிறப்பிடத்தைத் தேடி 1857-இல் ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஸ்பீக்கும் புறப்பட்டபோது, அவர்களுடன் சென்றவர் அவர். ஸ்பீக்குக்கு அரபும் தெரியாது, சுவாஹிலியும் தெரியாது. இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர் ஆதலால் ஹிந்துஸ்தானி தெரியும். முபாரக்குக்கும் ஹிந்துஸ்தானி தெரியும். ஆகவே ஐரோப்பியர் நடத்திய அந்தப் பெரும் ஸஃபாரியின் கட்டளைகளும் சச்சரவுகளும் ஆப்பிரிக்கப் புல்வெளியின் நடுவே நம் நாட்டு மொழியில் நிகழ்ந்தன! கரையிலிருந்து தங்கனீக்கா ஏரியை அடைய ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின. பிறகு ஸ்பீக் விக்டோரியா ஏரியைக் கண்டபோதும், ஸ்டான்லி 1871-இல் உஜிஜியில் லிவிங்ஸ்டனைக் கண்டபோதும் முபாரக் உடனிருந்தார். காமரன் என்பவரோடு 1873 முதல் 1875 வரை நடந்து, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கே சென்று சேர்ந்தார். லண்டனின் ராயல் புவியியல் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் அனுப்பியது. ஏரிகளுக்கோ அருவிகளுக்கோ அவர் பெயர் சூட்டப்படவில்லை. அவை அரசிக்கும் அரச குடும்பத்துக்கும் சென்றன.

இதைவிடச் சிறிய நிகழ்ச்சி ஒன்று நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. 1848 மே மாதம் 11-ஆம் நாள், ஜெர்மானியப் பாதிரியார் யோஹன்னஸ் ரெப்மான் மொம்பாஸாவிலிருந்து உள்நாடு நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ப்வானா கேரி என்னும் சுவாஹிலி முஸ்லிம். காலையில் தொலைவிலிருந்த உயர்ந்த மலையின் உச்சியில் வெண்மையாக ஒன்று தெரிந்தது. மேகம் என்றே முதலில் எண்ணினார் பாதிரியார். வழிகாட்டியைக் கேட்டார். அது இன்னதென்று தமக்குத் தெரியாது, ஆனால் குளிராக இருக்கலாம் என்றார் அவர். பனியைக் குறிக்க அவரிடம் சொல் இல்லை. ‘பரீதி’, அதாவது குளிர், என்றார். ‘பாரித்’ என்னும் அரபுச் சொல்லின் சுவாஹிலி வடிவம் அது. 5,895 மீட்டர் உயர்ந்த கிளிமஞ்சாரோவின் பனி அது. பூமத்திய ரேகைக்கு அருகில் பனியா என்று லண்டனின் புவியியல் அறிஞர்கள் நகைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நம்ப மறுத்தார்கள். வீட்டு நாற்காலியில் அமர்ந்தவர்கள் தவறினார்கள். நடந்து போன வழிகாட்டி தமக்குத் தெரிந்த அளவுக்குச் சரியாகவே சொன்னார்.

அந்த மலையடிவாரத்தின் இயற்கையை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. மலையில் விழும் மழையும் உருகும் பனியும் எரிமலைப் பாறையின் துளைகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, வடக்கே அம்போஸெலி சமவெளியில் ஊற்றாகப் பீறிடுகின்றன. சுற்றிலும் புழுதி பறக்கும் வறண்ட நிலம். நடுவில் பச்சைச் சதுப்பு. யானைக் கூட்டங்கள் வயிறு நனைய அந்தச் சதுப்பில் நின்று கோரையைப் பிடுங்கித் தின்னும். மலை எந்நேரமும் தெரியாது. அதிகாலையில் முழுதாக நிற்கும். வெயில் ஏற மேகம் மூடும். மாலையில் மீண்டும் முகம் காட்டும். எனவே மலையையும் யானையையும் ஒருசேரக் காண விரும்புகிறவன் காத்திருந்துதான் ஆகவேண்டும்.

தெற்கே, தான்ஸானியாவின் செரெங்கெட்டி இன்னும் பரந்தது. 14,763 சதுர கிலோமீட்டர். முடிவற்ற வெளி என்று பொருள்படும் மாசாய்ச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூ மான்கள் மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுதும் வட்டமிட்டு நடக்கின்றன. தென்கிழக்கே உள்ள எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்த நிலத்தில் குட்டைப் புல் முளைக்கிறது. அடியில் சாம்பல் கெட்டித் தளமாக இறுகிக் கிடப்பதால் மரம் வேரூன்ற முடியவில்லை. அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆகையால் பிப்ரவரியை ஒட்டி, பால் கொடுக்க வேண்டிய தாய்மான்கள் அங்கே வந்து ஈனுகின்றன. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். புல் தீர்ந்ததும் வரிக்குதிரைகளோடு சேர்ந்து மேற்காகவும் வடக்காகவும் நடக்கும். மறு மழைக்குத் திரும்பும். எவருடைய கட்டளையும் இல்லாமல் நடக்கும் இந்த ஸஃபர், மனிதனுடைய ஸஃபாரியைவிடப் பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தது.

நடை அழிந்தது ரயிலால். மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஏறக்குறைய 930 கிலோமீட்டர் இருப்புப் பாதையை 1896-இல் ஆங்கிலேயர் தொடங்கி 1901-இல் முடித்தனர். அதைப் போட்டவர்கள் இந்தியர்கள். ஏறக்குறைய 32,000 பேர், பெரும்பாலோர் பஞ்சாபியர், கராச்சியில் கப்பலேறினர். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மடிந்தனர். ஆள் திரட்டிக் கொடுத்தும் பண்டங்கள் வழங்கியும் செல்வரானவர் அலிபாய் முல்லா ஜீவன்ஜி.

1898-இல் ஸாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு பிடரியில்லாச் சிங்கங்கள் தொழிலாளரைக் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்று தின்ற கதையைப் பலர் படித்திருப்பார்கள். பாலத்துப் பொறியாளர் பாட்டர்ஸன் 1907-இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது, திரைப்படங்களும் வந்தன. கதையில் வீரன் பாட்டர்ஸன். தொழிலாளர்கள் கூக்குரலிடும் கூட்டம். முள்வேலி கட்டியும் தீ மூட்டியும் பயனில்லாமல், அவர்கள் மரக்கிளைகளில் கட்டில்களைக் கட்டி உறங்கினர். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக் கிடந்தனர். டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் ரயிலை மறித்து ஏறி ஓடிவிட்டனர். வேலை மூன்று வாரம் நின்றது. கோழைகளா அவர்கள்? சர்க்காருக்கு வேலை செய்ய வந்தோமே அன்றி சிங்கத்துக்கு இரையாக வரவில்லை என்று அவர்கள் சொன்னதாகப் பாட்டர்ஸனே எழுதுகிறார். அதைவிடத் தெளிவான நியாயத்தை நாம் அந்நூலில் காணவில்லை. டிசம்பர் 9-ஆம் நாள் ஒரு சிங்கமும், 29-ஆம் நாள் மற்றதும் சுடப்பட்டன. மாண்டோர் தொகை பற்றிக் கருத்து ஒன்றில்லை. 28 இந்தியர் என்றது ரயில்வே. பின்னாளில் 135 பேர் என்றார் பாட்டர்ஸன். சிகாகோ அருங்காட்சியகத்திலுள்ள அச்சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 35 பேர் என்று மதிப்பிட்டது.

அந்த நூலின் பின்னிணைப்பில் நாம் தேடியது இருந்தது. ரோஷன் என்னும் பெயருடைய ஒரு மேஸ்திரி, ஜீலம் மாவட்டத்துக்காரர், ஸாவோவின் துயரத்தை ஹிந்துஸ்தானியில் நீண்ட கவிதையாகப் பாடியிருக்கிறார். 1899 ஜனவரி 29 என்று நாளிட்டது. தொழிலாளர்கள் பாட்டர்ஸனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தபோது இதையும் சேர்த்துக் கொடுத்தனர். அதன் ஆங்கில வடிவத்தை அவர் அச்சிட்டார். (மேஸ்திரி என்று நாம் சொல்வதும், வடக்கே மிஸ்திரி என்று சொல்வதும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள்.) துரையைப் புகழும் கவிதைதான் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் துரைக்கும் கொத்தர்களுக்கும் இருந்த உறவு அவ்வளவு இனிமையானதன்று. கொத்தருக்கு மாதம் 45 ரூபாய், சாதாரணக் கூலிக்கு 12 ரூபாய் என்றிருந்த ஊதியத்தில், பலர் கொத்து வேலை தெரிவதாகச் சொல்லிச் சேர்ந்திருந்தனர். துரை அதைக் கண்டுபிடித்து, செய்த வேலையின் அளவுக்கே கூலி என்று மாற்றினார். கல்லுடைக்கும் இடத்தில் சிலர் அவரைத் தீர்த்துவிடவே சதி செய்தனர் என்றும் அவர் எழுதுகிறார். இத்தனையும் நடந்த இடத்தில், பகலில் கல் அடுக்கிய ஒருவர் இரவில் கவிதை கட்டினார். கவிதையின் முடிவில் தம் ஊரையும் வட்டாரத்தையும் குறிப்பிட்டு, நடந்ததை நடந்தவாறே சொன்னதாக உறுதி கூறுகிறார். முப்பத்தீராயிரம் பேரில் ஒருவருடைய குரலாவது ஊர்ப் பெயரோடு நம்மை வந்தடைந்ததற்கு அந்தக் கடைசி அடிகளே காரணம். நவாபின் கவிதைகளை அவையோர் படியெடுத்தனர். ரோஷனுக்கு அவை ஏது? தாமே தம்மைக் கையொப்பமிட்டுக்கொண்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1909-இல், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதே பாதையில் வந்தார். என்ஜினின் முகப்பில் அவருக்காக இருக்கை அமைத்திருந்தனர். அதில் அமர்ந்து, ரோஷனின் தோழர்கள் போட்ட தண்டவாளத்தின் மேல், இருபுறமும் மேயும் விலங்குகளைக் கண்டு மகிழ்ந்தவாறு சென்றார். பிறகு இறங்கிச் சுட்டார். அவரும் மகனும் சேர்ந்து சுட்ட பெரிய விலங்குகள் மட்டும் 512. அன்று முதல் ஸஃபாரி என்ற சொல் செல்வர்களின் வேட்டையைக் குறிக்கலாயிற்று. துப்பாக்கி ஓய்ந்து காமிரா வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது; கென்யா 1977-இல் வேட்டையை அறவே தடை செய்தது. செரெங்கெட்டி 1951-இல் தேசியப் பூங்காவானது. 1959-இல் மாசாய் மக்கள் தங்கள் ஆடுமாடுகளோடு அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பக்கத்து நொகொரொங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். மான்களோடு மாடுகளை மேய்த்து அந்தப் புல்வெளியை அப்படியே வைத்திருந்தவர்கள், புல்வெளியைக் காப்பதற்காக என்று அகற்றப்பட்டார்கள். சுற்றுலா ஏடுகளில் அவர்களுடைய செந்நிற ஆடை மட்டும் நிறைய இடம் பெறுகிறது.

ஆப்பிரிக்கா போகும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் மலையடிவாரப் புல்வெளி நம் தமிழகத்திலும் உண்டு. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக வடக்கே இறங்கினால் சீகூர்ச் சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு வருவதால், இங்கே மழை குறைவு. முட்புதர், குட்டை மரம், இடையிடையே புல். வடக்கே மோயாறு ஆழப் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு ஓடுகிறது; தெற்கே 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவைத் தாங்கிய நீலகிரி, சுவர் போல் நிற்கிறது. யானை, காட்டெருமை, புள்ளிமான், கழுதைப்புலி, பாறு எல்லாம் உண்டு. மோயாற்றுப் பக்கம் சங்கத் தமிழ் இரலை என்று அழைத்த வெளிமானும் உண்டு. இதையொட்டிய முதுமலை 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய் வரும் வழி சீகூர்தான். அந்த வழியில் விடுதிகள் பெருகின. யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிகாட்டிகளாகவும் யானைப் பாகர்களாகவும் இருளரும் குறும்பரும் அங்கே உழைக்கிறார்கள். ப்வானா கேரியின் வரிசையில் வைக்கத் தக்கவர்கள்.

முதுமலையில் ‘போலே போலே’ முறையைக் கைக்கொண்டவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானை மீதமர்ந்தும் கால்நடையாகவும் காத்திருந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படம் எடுத்தார். பத்திரிகைகளில் பல்லாண்டுகள் எழுதினார். அவருடைய படங்களில் விலங்கு திடுக்கிட்டு நிற்பதில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் வட்டாரத்துச் சமவெளிகளுக்கும் உரியதே அந்த வெளிமான். இன்று சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவின் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த வேலிக்குள் அது எஞ்சியிருக்கிறது. அதைத் துரத்திய சிவிங்கிப்புலியோ 1952-இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17-ஆம் நாள் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் இறங்கின. கராச்சியில் கப்பலேறியவர்கள் போன திசைக்கு நேர்மாறான ஸஃபர்.

வண்டலூரிலிருந்து திரும்பும்போது ஒரகடத்தில் ஷிப்டு மாறும் நேரம். பேருந்துகள் சாலையை அடைத்துக்கொண்டன. தண்டலம் வந்து சேர்ந்தபோது மஃக்ரிப் நேரம் நெருங்கிவிட்டது. தேநீர்க் கடை வாசலில் தோளில் ஒரு பையும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக ஓர் இளைஞர் நின்றிருந்தார். ஜார்க்கண்டுக்காரர், அன்றுதான் வந்து இறங்கியிருக்கிறார், தொழிற்சாலை வேலைக்குச் சேரப் போகிறார். நமக்குத் தெரிந்த கொஞ்சம் உருதுவில் பேச்சுக் கொடுத்தோம். ரயில் பயணம் எப்படி என்று கேட்டோம். “ஸஃபர் லம்பா தா, சாச்சா” என்றார். பேத்தி நம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நன்னா, அந்த அண்ணனும் ஸஃபாரின்னுதானே சொன்னாங்க? அவங்க என்ன மிருகமெல்லாம் பார்த்தாங்கன்னு கேளுங்க” என்றாள். கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, கதவருகே நின்றே வந்ததால் வழியெல்லாம் பார்த்ததாகவும், ஆந்திராவில் ஓர் ஏரிக்கரையில் விடியற்காலையில் நிறையக் கொக்குகள் இருந்ததாகவும் சொன்னார்.